ஏரியைத் தேடி, ஏரிகளின் ஊரிலிருந்து

சமையலறையோடு ஓர் ஏரிக்கரை வீடு வேண்டும் என்று பெங்களூர்க்காரர்கள் 200 கி.மீ. தாண்டிப் போகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகள் ஒரு காலத்தில் அந்த ஊருக்குள்ளேயே இருந்தன.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையில் கார்கள் ஊர்கின்றன. பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். டிக்கியில் பிரஷர் குக்கர், எவர்சில்வர் தூக்கில் இட்லி மாவு, ஒரு பை அரிசி, பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல். பார்ப்பவர்கள் யாரோ வீடு மாற்றிக்கொண்டு போகிறார்கள் என்றே நினைப்பார்கள். ஆனால் போவது இரண்டு நாள் விடுமுறைக்கு. சிலர் ஏற்காட்டுக்கு, சிலர் இன்னும் தள்ளிக் கொடைக்கானலுக்கு. இதே நேரம் மைசூர் சாலையிலும் இதே காட்சிதான். அங்கே போகிறவர்கள் தேடுவது கபினி அணையின் தேக்கநீர்க் கரை.

இவர்கள் எடுப்பது ஓட்டல் அறை அல்ல. இரண்டு படுக்கையறை, ஒரு தாழ்வாரம், கேஸ் அடுப்பும் பாத்திரங்களும் உள்ள சமையலறை. எதிரே தண்ணீர். காவலாளி சாவியைக் கொடுத்து, மோட்டார் சுவிட்ச் எங்கே என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு சமையல், பாத்திரம் கழுவுவது, குப்பையைக் கட்டி வைப்பது எல்லாம் வந்தவர்கள் பொறுப்பு. இதற்குப் பணமும் கொடுத்து வேலையும் செய்வானேன் என்று கேட்கலாம். ஆறு பேர் உள்ள குடும்பம் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் ஆகும் செலவு ஒரு காரணம். தாத்தாவுக்கு உப்புக் குறைவாக வேண்டும், பாட்டி வெளியில் சாப்பிடமாட்டார், கைக்குழந்தைக்கு நடுராத்திரியில் பால் காய்ச்ச வேண்டும் என்பவை மற்றக் காரணங்கள். ஆனால் போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறொன்று. ஏரியைப் பார்த்தபடி காப்பி போடுவதும், கரையில் வாங்கிய மீனை அன்றே குழம்பு வைப்பதும் கொடுக்கும் சுகம். இரண்டு நாளாவது அந்தக் கரையில் குடியிருந்தோம் என்ற நினைப்பு.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. கோயில் ஊர்ச் சத்திரங்களில் அடுப்பும் விறகும் கிடைக்கும். அரிசி பருப்பு நாம் கொண்டுபோக வேண்டும். வங்கி ஊழியர்களுக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருந்த ‘ஹாலிடே ஹோம்’களில் பாதிப் பொழுது சமையலறையில்தான் கழிந்தது. 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங்கும் 1996-இல் தொடங்கிய கிளப் மகேந்திராவும் சென்னையில் பிறந்த நிறுவனங்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் மலையில் தங்கும் உரிமையை நடுத்தரக் குடும்பங்களுக்கு அவை விற்றபோது, அறையோடு சின்னச் சமையலறையும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே விற்றன.

உறுத்துவது ஒன்றுதான். ஏரிக்கரை வீட்டுக்காக 200 கி.மீ. போகும் இவர்கள் வசிப்பது, ஏரிகளாலேயே உண்டான ஊரில். பலருடைய அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்குக் கீழேயே ஓர் ஏரி இருக்கிறது. அந்த ஜன்னலைத்தான் திறக்க முடிவதில்லை.

மலாவியில் மீனும் நத்தையும்

ஏரிக்கரையில் நாமே சமைத்துக்கொண்டு தங்கும் வீடு என்றால் உலகப் பயணிகள் பலருக்கு நினைவு வருவது ஆப்பிரிக்கா. அதிலும் மலாவி ஏரி. ஏறத்தாழ 570 கி.மீ. நீளம் கொண்ட, கடல் போன்ற நன்னீர்ப் பரப்பு. மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. தென்முனையில் உள்ள கேப் மெக்ளியர் என்ற மீனவ கிராமத்தை ஒட்டிய பகுதி தேசியப் பூங்கா. 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மீன் இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்த ஒரே ஏரியில் இருப்பதுதான் அதன் பெருமை. கரையோர வீடுகளில் தங்குகிறவர்கள் மாவும் எண்ணெயும் ஊரிலிருந்து கொண்டுவருவார்கள். ‘சாம்போ’ என்ற மீனைப் படகுக்காரரிடம் வாங்குவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளே அதைச் சுத்தம் செய்து பொரித்தும் கொடுப்பார்.

ஆனால் அந்த ஏரியில் குளிக்க இறங்குமுன் ஒரு எச்சரிக்கை உண்டு. பில்ஹார்சியா என்ற நோயின் நுண்புழு, தண்ணீரில் உள்ள நத்தைகளில் வளர்ந்து வெளியேறி, குளிப்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். மாத்திரையில் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையையும் குடலையும் கெடுக்கும். கேப் மெக்ளியர் கரையில் இந்த நோய் ஏன் கூடியது என்று ஆராய்ந்தவர்கள் கண்ட விடை எளிமையானது. நத்தைகளைத் தின்று வாழும் மீன்கள் அங்கே ஏராளமாக இருந்தன. 1980-களில் கரையோரம் நெருக்கமான வலைகளைப் போட்டு அளவுக்கு மீறி மீன் பிடித்தார்கள். நத்தை தின்னும் மீன் குறைந்தது, நத்தை பெருகியது, நோயும் பெருகியது. மீன் இல்லாவிட்டால் குளியல் இல்லை; குளியல் இல்லாவிட்டால் விடுமுறை வீட்டுக்கு வாடகை இல்லை. கரையில் இருக்கும் எத்தனை அழகான வீடும் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மீனை நம்பித்தான் நிற்கிறது.

இந்தப் பாடம் பெங்களூருக்கு அந்நியமானது அல்ல. 1990-களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை ஆகாயத்தாமரை மூடியபோது, அதைத் தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளை விட்டு அடக்கினார்கள். அதே வகை வண்டுகள் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1980-களில், பெங்களூர் ஏரிகளில் விடப்பட்டு நல்ல பலன் கொடுத்திருந்தன. ஆனால் சாக்கடை நிற்காத இடத்தில் வண்டு எத்தனை இலை தின்றாலும் போதாது. ஆகாயத்தாமரைக்கு உரம் போடுவதே சாக்கடைதானே.

காடு வெட்டி, ஏரி கட்டி

பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது ஊர். பெய்யும் மழை நாலாபக்கமும் ஓடிப்போகும். அதைத் தடுத்து நிறுத்தக் கட்டியவையே ஏரிகள், கன்னடத்தில் ‘கெரெ’. நகரின் கிழக்கே விபூதிபுரத்தில் 1307-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. தமிழில் வெட்டப்பட்டது. காட்டை அழித்து, நிலத்தைச் சமன்செய்து, மணலை வாரி ஏரி கட்டி, ஓர் ஊரை உண்டாக்கிய செய்தியைச் சொல்வது. கெம்பே கவுடா 1537-இல் கோட்டை கட்டுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பகுதியில் ஊர் என்றால் முதலில் ஏரி என்று இருந்திருக்கிறது.

இந்த ஏரிகள் தனித்தனி அல்ல. மேலே உள்ளது நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து, ‘ராஜகாலுவெ’ என்னும் பெரிய வாய்க்கால் மூலம் அடுத்த ஏரிக்குப் போகும். சங்கிலிபோல ஒன்றன்கீழ் ஒன்று. மதகைத் திறந்து மூடவும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை வைக்கவும் ‘நீருகண்டி’ என்று ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. கோடையில் ஊர் ஜனங்களே இறங்கி வண்டலை வாரி வயலுக்குப் போட்டார்கள். குயவர் களிமண் எடுத்தார். ஏரியிலிருந்து மீன் வந்தது, கரையிலிருந்து கீரை வந்தது, ஏரிக்குக் கீழே நெல்லும் ராகியும் விளைந்தன. தமிழ்நாட்டில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். தண்ணீரை அனுபவிக்கிறவரே தண்ணீரைப் பராமரிப்பார்.

விடுமுறை வீட்டில் சமையலுக்கு ஆள் கிடையாது. சாப்பிடுகிறவரே சமைக்க வேண்டும். பழைய ஏரியின் சட்டமும் அதுவேதான்.

குழாய் வந்தது, ஏரி போனது

இந்தக் கட்டு எப்போது அவிழ்ந்தது? குழாய் வந்தபோது. 1890-களின் நடுவில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய் மூலம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1933-இல் திப்பகொண்டனஹள்ளி அணை. 1974-இல் காவிரி. சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றி வீட்டுக்குழாயில் காவிரி கொட்டிய பிறகு, தெருக்கோடியில் உள்ள ஏரி யாருக்கும் தேவைப்படவில்லை. நீருகண்டிக்கு வேலை போனது. தேவைப்படாத தண்ணீர் காலி மனையாகத் தெரிய ஆரம்பித்தது.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கும் தமிழ்நாட்டுப் பயணி கால் வைப்பது தர்மாம்புதி ஏரியின் படுகையில். கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரி இருந்த இடம். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கோரமங்களாவில் வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பும் ஏரி நிலத்தில் எழுந்ததுதான். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. இவற்றில் பலவும் அரசாங்கமே முன்னின்று செய்தவை.

தப்பிய ஏரிகளுக்கு வேறு விதி வாய்த்தது. சாப்ட்வேர் கம்பெனிகள் வந்த பிறகு, ஏரியைப் பார்த்த வீட்டுக்குக் கூடுதல் விலை. விளம்பரங்களில் நீலத் தண்ணீரும் வெள்ளைக் கொக்கும். வாங்கியவருக்குக் கிடைத்தது பார்வை மட்டும். தண்ணீர் டேங்கர் லாரியில் வந்தது. கழிவு எங்கே போகிறது என்று கேட்டவர் குறைவு.

அது போன இடம் பெல்லந்தூர். சுமார் 900 ஏக்கர் பரப்பில் நகரின் மிகப் பெரிய ஏரி. நகரத்துச் சாக்கடையில் பெரும்பங்கு சுத்திகரிக்கப்படாமல் அதில் விழுந்தது. சோப்புத்தூளில் உள்ள ரசாயனம், தண்ணீர் கலிங்கில் விழும் வேகத்தில் நுரையாகப் பொங்கிச் சாலைக்கு வந்தது. 2015-இல் அந்த நுரைப்பரப்பில் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி. 2018 ஜனவரியில் ஏரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவத்தினர் சுமார் 5,000 பேர் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் எரிந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஏரியைச் சீராக்க 500 கோடியைத் தனிக் கணக்கில் போடவும் உத்தரவிட்டது. அதன்பின் தொடங்கிய தூர்வாரும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இது பெங்களூர்க்காரர் பிரச்னை என்று தமிழ்நாடு சும்மா இருக்க முடியாது. பெல்லந்தூர் வழிந்து வர்த்தூர் ஏரிக்குப் போகும். வர்த்தூர் வழிந்து தட்சிண பினாகினியில் சேரும். அந்த ஆற்றுக்குத் தமிழில் தென்பெண்ணை என்று பெயர். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது நுரை மலையாகப் பொங்கிய காட்சியைக் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் பலமுறை பார்த்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் அவர்களுடைய பயிர் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ஓசூர் வழியாக ஏற்காட்டுக்கு ஓடும் கார்களுக்குப் பக்கவாட்டில், அதே வீடுகளின் சமையலறைக் கழிவும் அதே திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

கரை யாருடையது?

கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்பதும் பெரிய வழக்கானது. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம், ஏரியைச் சுற்றி 75 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்றது. கட்டுமானக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2019 மார்ச்சில் அந்த உத்தரவு ரத்தானது. நகரத் திட்டத்தில் முன்பிருந்த 30 மீட்டரே நின்றது. சட்டப்படி அந்தத் தீர்ப்புக்குக் காரணம் உண்டு: திட்டத்தை மாற்றும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை என்பது. ஆனால் மழைக்காலத்தில் ஏரி எவ்வளவு தூரம் விரியும் என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க முடியாது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் சொகுசு வில்லாக்களின் கூடத்திலிருந்து குடும்பங்களை டிராக்டரிலும் படகிலும் மீட்டபோது, ஏரிக்கரை வீட்டின் இன்னொரு பொருள் விளங்கியது.

ஏரியையே வாடகைக்கு விட்டுப் பார்த்ததும் நடந்தது. 2002-இல் அமைந்த ஏரி மேம்பாட்டு ஆணையம், ஹெப்பால், நாகவாரா உள்ளிட்ட சில ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பைத் தனியாருக்கு 15 ஆண்டுக் குத்தகையில் கொடுத்தது. ஹெப்பால் ஏரி ஒரு நட்சத்திர ஓட்டல் குழுமத்துக்குப் போனது. பணம் வரும், ஏரியும் சுத்தமாகும் என்பது அரசின் கணக்கு. இதுவரை சும்மா நடந்துபோன கரைக்குக் கட்டணமா, மாடு கழுவுகிறவரும் மீன் பிடிக்கிறவரும் எங்கே போவது என்பது எதிர்த்தவர்கள் கேள்வி. என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் என்ற அமைப்பு 2008-இல் பொதுநல வழக்குப் போட்டது. நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஏரிகள் பொதுச்சொத்து, அவற்றைக் காப்பது அரசின் கடமை என்ற அடிப்படையில் 2012-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விரிவான உத்தரவு போட்டது.

சமையலறையிலிருந்து ஏரிக்கு

ஆக, அரசாங்கம் காக்கவில்லை. குத்தகைக்காரரை நீதிமன்றம் நம்பவில்லை. மிச்சம் யார்? பக்கத்து வீட்டுக்காரர்.

ஜே.பி. நகர் ஏழாவது கட்டத்தில் புட்டேனஹள்ளி ஏரி. சுமார் 13 ஏக்கர்தான். 2008-இல் அது குப்பைமேடாக இருந்தது. எதிரே குடியிருந்தவர்கள் சிலர் அறக்கட்டளை அமைத்து மாநகராட்சியைத் துரத்தினார்கள். மாநகராட்சி தூர்வாரிக் கரை கட்டியது. 2011-இல் ஏரியைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை அந்த மக்கள் குழுவே எடுத்துக்கொண்டது. ஊரில் அப்படி ஒரு குடியிருப்போர் குழு எடுத்தது அதுவே முதல்முறை. ஆனால் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழிகளைக் கட்டடங்கள் அடைத்துவிட்டிருந்தன. மழை நீர் போதவில்லை. விடை பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது. அங்கே சுத்திகரித்த கழிவுநீரை, மேலும் சுத்தம் செய்து ஏரிக்கு விடத் தொடங்கினார்கள். அந்த வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஏரியை நிறைக்க, அதே ஏரியில் நாமக்கோழியும் நீர்க்காகமும் வந்து இறங்கின.

சர்ஜாபூர் சாலையில் கைகொண்ட்ரஹள்ளி ஏரிக்கும் இதேபோல் சுற்றியிருப்பவர்கள் சேர்ந்து உயிர் கொடுத்தார்கள். அங்கே காலை நடைக்கு வருகிற சாப்ட்வேர்க்காரரும், மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவரும் ஒரே கரையில் நடக்கிறார்கள். வடக்கே ஜக்கூரில் இன்னும் பெரிய அளவில்: குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர், கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பைக் கடந்து மெதுவாக ஏரிக்குள் போகிறது. செடிகளின் வேர், மிச்சமிருக்கும் அழுக்கை உறிஞ்சிக்கொள்கிறது. ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது.

இவை எல்லாம் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. மேலே எங்கோ ஒரு லாரி சாக்கடையைக் கால்வாயில் கொட்டினால் கீழே மீன் செத்து மிதக்கிறது. ஒப்பந்தம், டெண்டர், அதிகாரி மாற்றம் என்று ஒவ்வொரு ஆண்டும் போராட்டம். ஆனால் 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, டேங்கர் விலை எகிறி, பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தபோது, சுத்திகரித்த கழிவுநீரை ஏரிகளில் நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்தலாம் என்று அதிகாரிகளே வேகம் காட்டினார்கள். புட்டேனஹள்ளியும் ஜக்கூரும் அதற்குப் பல ஆண்டு முன்பே செய்து காட்டியது அதுதான்.

ஏரிக்கரையில் விடுமுறை வீடு எடுக்கப் போகிறவர்கள் சாவியை வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. சமையலறைக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவறையும் பாத்திரத் தொட்டியும் எங்கே போய் முடிகின்றன? அந்தத் தண்ணீரில் உள்ளூர் ஆட்கள் குளிக்கிறார்களா, மீன் பிடிக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், எதிரே இருப்பது எத்தனை நீலமாக இருந்தாலும் இறங்காமல் இருப்பதே மேல்.

ஞாயிறு மாலை. ஏற்காட்டில் கடைசிப் பாத்திரமும் கழுவியாயிற்று. அடுப்பைத் துடைத்து, குப்பையைக் கட்டி, சிலிண்டரை மூடி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். வாடகைக்கு எடுத்த வீடு, இரண்டே நாள். இருந்தாலும் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று அம்மா இன்னொருமுறை மேடையைத் துடைக்கிறார். நள்ளிரவுக்குள் அவர்கள் பெங்களூர் போய்ச் சேருவார்கள். அங்கே ஜன்னலுக்குக் கீழே இன்னோர் ஏரி இருக்கிறது. அதைத் துடைத்து வைக்கவும் யாராவது இறங்க வேண்டும்.